மண்ணைத் தாங்கி நீரை விடும் சுவர்

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது எம் முன்னோர் வாக்கு. ஆனால், அணையை எவ்வாறு கோல வேண்டும் என்பதை அவ்வாக்குச் சொல்லவில்லை. முறை அறியாது கோலிய அணை வெள்ளத்தினும் கொடிய பகையாகிவிடும் என்னும் உண்மையை நாம் ஏட்டிலே படிக்கவில்லை. எமது சொந்த வளவிலேயே, பெரும் வெட்கத்தோடு கற்றுக்கொண்டோம். சரிவான காணியிலே வீடு கட்ட எண்ணும் அன்பர்களுக்கு, சிறப்பாகக் கடற்காற்றுப்படும் ஊர்களில் வாழ்வோருக்கு, அந்தப் பாடம் பயன்படலாம் என்னும் எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

சமதரையில் பிறந்தவர் மேட்டுக்கு வந்த கதை

நாம் யாழ்ப்பாணத்துச் சமதரையிலே பிறந்து வளர்ந்தவர்கள். எமக்குத் தெரிந்த வளவு தாம்பாளம் போலத் தட்டையானது. அதைச் சுற்றி மதில் எழுப்பினால் மாடு வராது. தெருவிலே போவோர் கண்ணும் படாது. ஆறங்குலச் சீமெந்துக் கல்லை அடுக்கி, இருபுறமும் பூசி, வெள்ளை அடித்துவிட்டால் வேலை முடிந்தது. சுவர் பற்றிய எமது அறிவு அவ்வளவே.

ஆசிரியப் பணி எம்மைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. அங்கே கடலைப் பார்த்த ஒரு மேட்டிலே இருபது பேர்ச் காணி வாங்கினோம். காலையிலே கடலும், மாலையிலே காற்றும் எம் மனத்தைக் கவர்ந்தன. காணியின் சரிவு கண்ணிற் படவில்லை. பின்வளவு ஐந்தடி பள்ளத்திலே இறங்கி, அயல் வீட்டு முற்றத்தோடு சேர்ந்தது. 2013ஆம் ஆண்டு வீட்டு வேலை நடந்தபோது, அத்திவாரம் வெட்டிய மண் மலைபோற் குவிந்து கிடந்தது. பின் எல்லையிலே ஐந்தடி உயரத்தில், நாற்பதடி நீளத்திற்கு ஒரு மதில் எழுப்பி, அந்த மண்ணையெல்லாம் அதன் பின்னே கொட்டி நிரப்பிவிட்டால் வளவும் சமமாகும், மண்ணும் தீரும் என்று கணக்கிட்டோம்.

வேலை செய்த இளம் மேசன், "சுவரிலே குழாய்த் துண்டு வைக்கவோ மாஸ்டர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். எமது வளவுத் தண்ணீர் அயலாரின் முற்றத்தில் விழுவது முறையன்று என்பது எமது எண்ணம். நல்லெண்ணம்தான், ஆனால் அறியாமையோடு சேர்ந்த நல்லெண்ணம்.

முதல் மாரியிலே மதில் அசையாது நின்றது. எமக்கும் கொஞ்சம் செருக்கு ஏறிற்று.

அந்த மார்கழி இரவு

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலைச்சரிவு மண் இறங்கி, லயன் வீடுகளை மக்களோடு மூடிய துயரத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எமது மாணவர்கள் உடையும் உணவும் சேகரித்தார்கள். மழைநீர் ஊறிய மண் எவ்வாறு கனத்து வழுக்குகிறது என்பதை வகுப்பிலே கரும்பலகையில் வரைந்து விளக்கினோம். வீட்டுக்கு வந்து எமது பின்வளவை ஒருமுறை எட்டிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

டிசம்பர்ப் பிற்பகுதியிலே கிழக்கிலங்கையெங்கும் வெள்ளம். இரவு பகல் ஓயாத மழை. ஒருநாள் பின்னிரவு மூன்று மணியளவில் மரம் முறிந்தாற்போல ஓர் ஓசை கேட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு ஓடிப் பார்த்தோம். மதிலின் நடுப்பகுதி இருபதடிக்கு மேல் இல்லை. அயல் வளவிலே சேறும் கல்லுமாகக் கிடந்தது. அதன் அடியிலே நசுங்கிக் கிடந்தது அந்த வீட்டு ஓலைப்பத்தி.

அந்தப் பத்தியிலேதான் அயல்வீட்டு அம்மையாரின் பேரப்பிள்ளைகள் இருவரும் அந்தியில் விளக்கேற்றிப் படிப்பது வழக்கம். சில நாள்களில் நாமே அங்கு சென்று கணக்குச் சொல்லிக் கொடுத்ததுண்டு. சுவர் ஆறேழு மணி நேரம் முந்தி விழுந்திருந்தால்? அந்த எண்ணம் இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை.

விடிந்ததும் அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் ஏசவில்லை. சேற்றைப் பார்த்தபடியே, "தம்பி, மண்ணை நீங்கள் பிடிச்சு வைச்சிருக்கலாம். மழைத் தண்ணியை ஆர் பிடிச்சு வைக்கிறது?" என்றார். பின்னாளிலே நாம் படித்த பொறியியல் நூல்கள் பல பக்கங்களிலே விரித்துரைத்த உண்மையை அவர் ஒரு வாக்கியத்திலே சொல்லிவிட்டார்.

தள்ளியது மண்ணா, நீரா?

மண்ணைக் கொட்டினால் அது குவியலாக நிற்கும். நீரைக் கொட்டினால் நில்லாது. மண்மணிகள் ஒன்றையொன்று உராய்ந்து பிடித்துக்கொள்வதே இதற்குக் காரணம். ஆதலால் சுவரின் பின்னுள்ள உலர்ந்த மண், தன் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் பக்கவாட்டிலே சுவர்மீது காட்டும். நீருக்கு அந்த உராய்வு இல்லை. அது தன் முழுப் பாரத்தையும் பக்கவாட்டிலே காட்டும்.

எமது ஐந்தடிச் சுவரையே எடுத்துக் கணக்கிடுவோம். சாதாரண மண் உலர்ந்திருக்கும்போது, சுவரின் ஒவ்வோரடி நீளத்தையும் ஏறக்குறைய 200 கிலோகிராம் அளவு விசையுடன் தள்ளும். அதே மண்ணின் மேல்மட்டம் வரை நீர் நிறைந்து நின்றால், அவ்விசை 450 கிலோகிராமுக்கு மேற்படும். நாற்பதடிச் சுவர் முழுவதற்கும் பார்த்தால், கோடையில் எட்டுத் தொன்னாக இருந்த பாரம், மாரியில் பதினெட்டுத் தொன்னாகிவிடுகிறது. எமது மதிலின் ஓரடி நீளத்தின் நிறையோ 150 கிலோகிராம் அளவுதான். அது விழுந்தது வியப்பன்று. ஓராண்டு நின்றதே வியப்பு.

இன்னொரு கணக்கையும் மாணவர்கள் மனத்தில் இருத்தல் நன்று. சுவரின் உயரத்தை இருமடங்காக்கினால், அதைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கவிழ்க்கும் வலுவோ எட்டு மடங்காகும். ஆகையால், எட்டடிச் சரிவுக்கு எட்டடிச் சுவர் ஒன்று எழுப்புவதிலும், நான்கடிச் சுவர் இரண்டைப் படிபோல எழுப்புதல் சாலச் சிறந்தது. ஆனால், மேற்சுவர் கீழ்ச்சுவரை ஒட்டி நிற்றலாகாது. கீழ்ச்சுவரின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரமாவது பின்தள்ளி நிற்க வேண்டும். அன்றேல், மேற்சுவரின் பாரத்தையும் கீழ்ச்சுவரே சுமக்க நேரிடும்.

மதில் வேறு, தாங்குசுவர் வேறு

மதில் தன்னைத் தான் தாங்கினாற் போதும். தாங்குசுவர் பிறிதொன்றைத் தாங்க வேண்டும். இந்த வேற்றுமையை உணராமையே எமது முதற் பிழை.

மீண்டும் கட்டுவதற்கு, கருங்கல் வேலையிலேயே ஆயுளைக் கழித்த முதிய மேசன் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் இடிந்த இடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாஸ்டர், நீங்கள் கட்டினது வேலி. நான் கட்டப்போறது அணை" என்றார். அவர் செய்த வேலையிலிருந்து நாம் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

கருங்கற்சுவர் தன் கனத்தினாலேயே நிற்பது. ஆகவே, அடி அகன்றிருக்க வேண்டும். உயரத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை அடியகலம் வைப்பது வழக்கம். எமது ஐந்தடிச் சுவருக்கு அடியிலே மூன்றடியும், தலையிலே ஒன்றரை அடியும் வைத்தார். இப்போது அதன் ஓரடி நீளத்தின் நிறை 750 கிலோகிராமுக்கு மேல். முகப்பையும் சற்றே மண்பக்கம் சாய்த்துக் கட்டினார். மண் முன்னே தள்ள, சுவர் பின்னே சாய்ந்து எதிர்நிற்பது போல அது தோன்றும்.

அத்திவாரத்தைக் கொட்டிய மண்ணிலே வைக்கவில்லை. பழைய இறுகிய தரை தென்படும் வரை, ஒன்றரை அடிக்குக் குறையாமல் வெட்டினார். முகப்பிலே பெரிய கற்களை வைத்து நடுவிலே சல்லியை நிரப்பி ஏமாற்றும் வேலையை அவர் செய்யவில்லை. இடையிடையே சுவரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிணைக்கும் நீண்ட கற்களைக் குறுக்கே வைத்தார். சாந்துக்குச் சீமெந்து ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு.

சுவரின் பின்னே மண்ணை ஒரே நாளிலே கொட்டித் தள்ளவும் அவர் விடவில்லை. ஆறு முதல் ஒன்பது அங்குலம் வரை ஒரு படை. அதை இடித்து இறுக்கிய பின்னரே அடுத்த படை. நாம் அவசரப்பட்டோம். அவர் அவசரப்படவில்லை.

உப்புக்காற்றின் வேலை

கம்பி கட்டிக் கொங்கிறீற்றுச் சுவர் எழுப்பினால் இடமும் மிச்சம், அழகும் உண்டு என்று சில நண்பர்கள் கூறினர். உள்ளூரிலே அது தக்க வழியாகலாம். கடலோரத்திலே ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும்.

கடற்காற்றிலுள்ள உப்பு, கொங்கிறீற்றின் நுண்துளைகள் வழியாக மெல்ல மெல்ல உட்சென்று கம்பியை அடைகிறது. அங்கே கறள் தொடங்குகிறது. கறளானது தான் உண்ட இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை வேண்டும். அந்த இடத்தைத் தேடி அது விம்ம, கொங்கிறீற்று வெடிக்கிறது. வெடிப்பு வழியே இன்னும் உப்பு நுழைகிறது. கடற்கரைச் சாலையோரத்துப் பழைய தூண்களிலும் வாசற்படிக் கூரைகளிலும் சீமெந்து உதிர்ந்து, செங்கறள் படிந்த கம்பி வெளியே தெரிவதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். வீட்டுத் தூணில் இந்நோய் கண்ணுக்குத் தெரியும். தாங்குசுவரிலோ மண்பக்கத்துக் கம்பியே பெரும் பாரத்தைச் சுமப்பது. அது கறள் பிடித்து இற்றுப்போவது, சுவர் சாயும் வரை எவர் கண்ணுக்கும் தெரியாது.

கம்பிச் சுவரே வேண்டுமாயின், கம்பியை மூடும் கொங்கிறீற்று இரண்டு அங்குலத்துக்குக் குறையலாகாது; மண்ணோடு ஒட்டிய பக்கத்தில் மூன்று அங்குலம் நன்று. கழுவாத கடல்மணலையும், உவர்க்கிணற்று நீரையும் கலவையிலே சேர்த்தல் கூடவே கூடாது. உப்புக் காற்றிலே வருவது போதும். நாமே அதை உள்ளே வைத்துக் கட்ட வேண்டியதில்லை. கம்பிக்கூடைகளிலே கல் நிரப்பி அடுக்கும் முறையும் உண்டு. அது நீரைத் தாராளமாக விடும். ஆனால் கடலோரத்தில் பிளாத்திக்குப் பூச்சுள்ள கம்பியே தேவை.

கருங்கல்லுக்கு இந்தக் கவலை இல்லை. 1624ஆம் ஆண்டளவிலே போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் திருத்தியமைத்த திருகோணமலைக் கோட்டையின் மதில்கள், இரும்புக் கம்பி எதனையும் நம்பாமல், கல்லின் கனத்தையே நம்பி, இத்தனை நூற்றாண்டுகளாகக் கடற்காற்றில் நிற்கின்றனவன்றோ!

நீருக்கு வழி

எல்லாவற்றிலும் தலையாயது இதுவே. திருகோணமலையில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல், நவம்பர், டிசம்பர் என்னும் இரு மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது. எட்டு மாதம் காய்ந்து வெடித்த மண், அந்த இரு மாதங்களிலே வெடிப்புகள் வழியே நீரைக் குடிக்கிறது. குடித்த நீர் வெளியேற வழி வேண்டும்.

எம் முன்னோர் குளம் கட்டியபோது கலிங்கையும் சேர்த்தே கட்டினர். மிகுந்த நீர் அணையை உடைக்குமுன் தானே வழிந்தோட வேண்டும் என்பது அவர்களின் அறிவு. நீரைத் தாங்கிய மண் பெயர்ந்தால் என்ன நேரும் என்பதைத் திருகோணமலை மாவட்டத்தார்க்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பின்னிரவிலே கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வளவுச்சுவர் சிறிது, ஆயினும் அதன் பின்னே நிற்பதும் அதே நீர்தான்.

முதிய மேசன் சுவரின் பின்முதுகிலே ஓரடிப் பருமனுக்குச் சல்லிக்கல்லை நிரப்பினார். சல்லிக்கும் மண்ணுக்கும் இடையிலே, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் நெசவுத் துணியை விரித்தார். அத்துணி இல்லாவிடில், நாளடைவில் மண் சல்லிக்குள் இறங்கி வழியை அடைத்துவிடும். சுவரின் அடியிலே, முன்தரைக்குச் சற்று மேலே, ஐந்தடிக்கு ஒன்றாக மூன்றங்குலப் பி.வி.சி. குழாய்களைச் சற்றே வெளிப்புறம் சரித்துப் பதித்தார். மேலே ஓரடிக்குக் களிமண் இட்டு இறுக்கி, மழைநீர் நேரே உள்ளிறங்காதபடி செய்தார். வீட்டுக் கூரைப் பீலியின் நீர் அதுவரை அந்த மூலையிலேதான் விழுந்துகொண்டிருந்தது. அதையும் குழாய்வழி வீதி வாய்க்காலுக்குத் திருப்பச் செய்தார். "தண்ணிக்கு நாங்கள் வழி விடாட்டில், அது தானே வழி எடுக்கும் மாஸ்டர்" என்பது அவர் வாக்கு.

மேலே என்ன நடுவது என்றும் கேட்டோம். பலா, மா, அரசு முதலிய பெருமரங்கள் சுவரருகே ஆகா. வேர் கல்லைப் பிளக்கும். வெட்டிவேர் நட்டோம். அதன் வேர் பக்கவாட்டிலே படராமல் நேரே ஆழத்துக்கு இறங்கி மண்ணைத் தைப்பது, உப்பையும் பொறுப்பது.

அயலாரும் சட்டமும்

நாம் முன்னர் அஞ்சியது அயலாரின் முற்றத்தில் நீர் விழுவதைப் பற்றி அல்லவா? அதற்கு விடை துளையை அடைப்பதன்று. சுவரின் காலடியிலே ஓர் ஒடுங்கிய வாய்க்கால் வெட்டி, வடியும் நீரை வீதி வாய்க்காலிலே சேர்த்தோம். அந்த வாய்க்கால் அம்மையாரின் வளவிலேயே அமைந்தது. அவர் இணங்கியிராவிட்டால், எமது அறிவெல்லாம் வீணே. சரிவிலே வாழ்வோர் தனித்து வாழ முடியாது. மேல்வளவின் நீர் கீழ்வளவின் கவலை. கீழ்வளவார் வெட்டும் மண் மேல்வளவின் ஆபத்து. கட்டத் தொடங்குமுன் அயலாரோடு உட்கார்ந்து பேசுதல், அத்திவாரம் வெட்டுவதிலும் முந்திய வேலை என்க.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அதனுள் கட்டுவோர், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரித்தல் வேண்டும். நான்கைந்து அடிக்கு மேற்பட்ட சுவருக்கும், சுவரின் மேலே வீடோ வாகனம் நிற்கும் இடமோ அமைவதற்கும், பொறியியலாளர் ஒருவரின் வரைபடம் இன்றித் தொடங்குதல் தகாது. எமது முதிய மேசனே, "ஆறடி எண்டால் என்னைக் கேளாதேங்கோ, படிச்ச ஆளைக் கேளுங்கோ" என்றார். தன் எல்லை அறிந்தவரே வல்லவர்.

துளி விழும் ஓசை

2015ஆம் ஆண்டு அந்தச் சுவர் எழுந்தது. 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தபோதும், அது நின்றது. எனினும், கட்டி முடித்ததோடு கடமை முடிந்தது என்று நாம் இருப்பதில்லை. ஆண்டுதோறும் புரட்டாதியிலே, மாரிக்கு முன், குழாய்களுக்குள் ஈர்க்குக் கட்டையும் கம்பியும் விட்டுத் தூர் எடுக்கிறோம். சுவரிலே புதிய வெடிப்பு உண்டா, நடுவிலே வயிறு தள்ளியிருக்கிறதா, முன்னைவிடச் சாய்ந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கிறோம். பெருமழையிலே குழாயில் நீர் வராதிருத்தல், சுவரிலே நீர் கசிதலைவிட அஞ்சத்தக்கது.

இந்த வேலைக்கு எமக்குத் துணை, அம்மையாரின் மூத்த பேரன். அன்று பத்தியிலே கணக்குப் படித்த சிறுவன் இன்று எம்மைவிட உயர்ந்த இளைஞன். அவன் கீழே நின்று குழாயைத் துப்புரவாக்க, நாம் மேலே நின்று வாளியிலே நீர் ஊற்றுவோம். எட்டுக் குழாயிலும் நீர் வந்த பின்பே அவன் கையைக் கழுவுவான். பத்தியும் மீண்டும் எழுந்திருக்கிறது. சுவரிலிருந்து பத்தடி தள்ளி. அந்தத் தூரத்தைக் குறைக்க அம்மையார் இன்றுவரை இணங்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

மாரி இரவுகளிலே விழித்துக் கிடந்தால், பின்வளவிலிருந்து துளிதுளியாக நீர் வடியும் ஓசை கேட்கும். முன்பு மழை என்றால் எமக்கு நித்திரை இல்லை. இப்போது அந்த ஓசை கேட்டால்தான் நித்திரை வருகிறது.